வீட்டுக் கணிப்பொறிக்கு எந்தப் பூட்டு?

 

திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகச் சகோதரி எழுதிய மடலே இம்மாதக் கட்டுரைக்குக் காரணமாயிற்று. அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்புப் பயின்றபோது அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி இன்றும் அவர்கள் வீட்டில் இருக்கிறது. இப்போது அதனை மகள் தம் கல்லூரிப் பாடங்களுக்குப் பயன்படுத்தி வருகிறார். சகோதரியின் கணவர் பள்ளிவாசல் ஜமாஅத்தில் பொறுப்பு வகிப்பவர். ஆதலால், வக்ஃபு நிலங்களின் பத்திர நகல்களும், நிக்காஹ் பதிவேட்டின் பக்கங்களும், உம்ராவுக்குச் செல்லவிருக்கும் உறவினர்களின் பாஸ்போர்ட் நகல்களும் அதே பெட்டிக்குள்தான் குடியிருக்கின்றன.

சில மாதங்களாக அம்மடிக்கணினி, தன் விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா என்று அறிவித்த வண்ணம் இருக்கிறதாம். விழுப்புரத்தில் கணிப்பொறி பழுது பார்க்கும் ஒருவர், ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் புதிய விண்டோஸைப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். ஷார்ஜாவில் இருக்கும் தம்பியோ, "லினக்ஸ் போட்டுவிடுங்கள் அக்கா, அதற்கு வைரஸே வராது" என்கிறார். மகளின் தோழி, ஆப்பிள் வாங்கினால்தான் நிம்மதி என்கிறாள். "இம்மூவரில் யார் சொல்வது சரி? எது பாதுகாப்பானது?" என்பது சகோதரியின் வினா.

இது ஒரு குடும்பத்தின் வினா மட்டுமன்று. 2025ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் மத்திய அரசு ‘உமீத்’ என்னும் இணையவாயிலைத் தொடங்கி, வக்ஃபு சொத்துகளின் விவரங்களைப் பதிவேற்ற ஆறு மாத அவகாசம் விதித்தது. அவ்வேளையில், தலைமுறை தலைமுறையாக இரும்புப் பெட்டிக்குள் உறங்கிய பத்திரங்கள் ஸ்கேன் செய்யப்பட்டு, பென் டிரைவில் ஏறி, கடை கடையாகச் சென்று வந்ததை நாம் கண்டோம். ஹஜ் விண்ணப்பமும் இன்று இணையத்தின் வழியேதான். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு ஆதார், வங்கிக் கணக்கு, வருமானச் சான்று என அனைத்தும் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டன. முன்பு பீரோவில் இருந்தவை இன்று அங்கே இருக்கின்றன. பீரோவுக்குப் பூட்டு வாங்குகையில் நாம் காட்டிய கவனத்தில் கால் பங்கையேனும் இதற்குக் காட்டுகிறோமா என்பதே கேள்வி.

முத்தவல்லியும் சாவிக்கொத்தும்

விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு என்பனவெல்லாம் இயங்குதளங்கள். இயங்குதளம் என்பது யாது? ஒரு பள்ளிவாசலுக்கு முத்தவல்லி எப்படியோ, கணிப்பொறிக்கு இயங்குதளம் அப்படி. எந்த அறையை யார் திறக்கலாம், உண்டியலில் யார் கை வைக்கலாம், வெளியூரிலிருந்து வந்தவர் எதுவரை உள்ளே வரலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் அவரே. நாம் பயன்படுத்தும் மற்ற மென்பொருள்கள் யாவும் அவரிடம் அனுமதி கேட்டே இயங்க வேண்டும்.

நன்கு நடைபெறும் ஜமாஅத்தில் எல்லாச் சாவிகளும் எல்லோரிடமும் இருப்பதில்லை. மோதினாரிடம் பள்ளியின் வாயிற்சாவி இருக்கும்; பெட்டகச் சாவி இராது. இந்த ஏற்பாட்டைக் கணிப்பொறி உலகில் செம்மையாகச் செய்தவற்றுள் ஒன்று, 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யூனிக்ஸ் என்னும் இயங்குதளம். ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தமையால், ஒருவருடைய கோப்பை மற்றவர் தொடாதவாறு பிறவியிலேயே அதற்குத் தடுப்புகள் அமைக்கப்பட்டன. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸும், இன்றைய ஆப்பிள் மேக் இயங்குதளமும் அந்த யூனிக்ஸ் மரபில் வந்தவையே.

விண்டோஸின் கதை வேறு. ஒரு மேசை, ஒரு பெட்டி, ஒரு மனிதர் என்ற நினைப்பில் பிறந்தது அது. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் உள்ளே நுழைந்தவர் எவராயினும் முழுச் சாவிக்கொத்தும் அவர் கையில்தான். 1993இல் வந்த விண்டோஸ் என்டி இக்குறையைக் களைந்தது. அந்த அடித்தளம் 2001இல் எக்ஸ்பி வழியாக வீடுகளுக்கு வந்தபோதும், வீட்டில் உள்ளோர் அனைவரும் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்னும் முழு அதிகாரத்துடனேயே பழகிவிட்டனர். 2007இல் வெளிவந்த விஸ்டாதான், "இம்மென்பொருளுக்கு அதிகாரம் தரலாமா?" என்று நிறுத்திக் கேட்கும் வழக்கத்தைக் கொணர்ந்தது. இன்றைய விண்டோஸ் 11 அந்தப் பழைய விண்டோஸ் அன்று. பூட்டு, தாழ்ப்பாள், காவல் மூன்றும் அதற்கு உண்டு. வைரஸைத் தடுக்கும் ‘டிஃபென்டர்’ அதனுடனேயே இலவசமாக வருகிறது. ஆயினும், கேட்ட கேள்விக்கெல்லாம் படிக்காமலேயே ‘சரி’ என்று அழுத்தும் நம் பழக்கம் மட்டும் மாறவில்லை.

லாகூர் கடையிலிருந்து

ஐபிஎம் வகைத் தனியார் கணிப்பொறிகளில் பரவிய முதல் வைரஸ் எங்கிருந்து புறப்பட்டது தெரியுமா? நமக்கு அண்மையிலிருக்கும் லாகூரிலிருந்துதான். 1986ஆம் ஆண்டு அங்குக் கணிப்பொறிக் கடை நடத்திய பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்னும் சகோதரர் இருவர், தாம் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் அனுமதியின்றிப் படியெடுப்பதைக் கண்டு, அதனைத் தடுக்கும் எண்ணத்துடன் ‘பிரெய்ன்’ என்னும் சிறு நிரலை எழுதினர். அதற்குள் தம் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றையும் சேர்த்தே வைத்தனர். ஃப்ளாப்பி தகடுகளில் தொற்றி அது கடல் கடந்து அமெரிக்கா வரை பரவிவிட்டது. தீங்கு செய்வது தம் நோக்கமன்று என்று அச்சகோதரர்கள் பின்னர்க் கூறினர்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு படிப்பினைகள் உண்டு. வைரஸ் அன்றும் திருட்டுப் பிரதியின் தோள் மீது ஏறித்தான் ஊர் சுற்றியது. இன்றும் அப்படித்தான் சுற்றுகிறது. மற்றொன்று, இயங்குதளம் எதுவாயினும், வெளியிலிருந்து வந்த பொருளை ஆராயாமல் உள்ளே விட்டவரே அதற்குக் கதவு திறந்தவர்.

2017 மே மாதத்துப் பாடம்

2017 மே 12 அன்று ‘வானாக்ரை’ என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியது. கணிப்பொறியில் உள்ள கோப்புகளையெல்லாம் மறையெழுத்தாக்கிப் பூட்டிவிட்டு, பணம் கொடுத்தால்தான் திறப்போம் என்று மிரட்டியது. ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளும் தள்ளிவைக்கப்பட்டன.

இதில் நாம் கருத வேண்டிய செய்தி யாதெனில், அந்நிரல் நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14ஆம் நாளே அடைத்துத் திருத்தம் வெளியிட்டிருந்தது என்பதே. இடையில் இரண்டு மாதங்கள் இருந்தன. அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட விண்டோஸ் கணிப்பொறியும், ஏற்றுக்கொள்ளாத விண்டோஸ் கணிப்பொறியும் பெயரால் ஒன்றுதான். ஆனால் ஒன்று தப்பியது, மற்றொன்று வீழ்ந்தது. 2021 செப்டம்பரில் நம் தமிழக அரசின் பொதுத்துறைக் கணிப்பொறிகளும் இவ்வகைப் பணயத் தாக்குதலுக்கு உள்ளானதை வாசகர்கள் நாளேடுகளில் படித்திருப்பீர்கள். கோட்டையில் நடப்பது குடிசையிலும் நடக்கும் அன்றோ?

ஆகவே, ‘அப்டேட்’ என்று நாம் வழங்கும் திருத்தங்கள் வெறும் அலங்காரம் அல்ல. ஓடு உடைந்த இடத்தில் மழைக்கு முன் ஓடு மாற்றுவதைப் போன்றவை அவை. ஓடு மாற்ற ஆளே இல்லாத வீட்டில் குடியிருப்பதுதான் உண்மையான அபாயம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் அப்பணி நின்றுபோயிற்று. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுப் பயனாளர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு என அந்நிறுவனம் அறிவித்தது. சகோதரியின் மடிக்கணினி சொல்லும் அறிவிப்பின் பொருள் இதுவே.

விண்டோஸ் 11க்கு மாறலாமே எனின், 2021 அக்டோபரில் வெளிவந்த அவ்வியங்குதளம் ‘டிபிஎம் 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லையும், ஏறத்தாழ 2018க்குப் பின் வந்த செயலிகளையும் கேட்கிறது. பழைய விலையில்லா மடிக்கணினிகள் பெரும்பாலும் இந்நிபந்தனைக்குள் வருவதில்லை.

ஐந்நூறு ரூபாய் விண்டோஸ்

அப்படியாயின், கடைக்காரர் ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டுத் தருவதாகச் சொல்வது எது? உரிமத்துடன் கூடிய விண்டோஸின் விலை பல்லாயிரம் ரூபாய். ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைப்பது ‘கிராக்’ செய்யப்பட்ட பிரதி என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதனை உயிர்ப்பிக்கும் நிரலை இயக்குமுன், "வைரஸ் தடுப்பை நிறுத்தி வையுங்கள்" என்ற அறிவுரை வரும். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகமறியாத ஒருவரிடம் முழுச் சாவிக்கொத்தையும் நீட்டுவதற்கு இது ஒப்பாகும். அவர் பூட்டைத் திறந்து கொடுத்ததோடு போய்விட்டாரா, அல்லது மாற்றுச்சாவி செய்து வைத்துக்கொண்டாரா என்பதை நாம் எப்படி அறிவோம்? மேலும், சிக்கல் வந்துவிடுமென்று அஞ்சி இத்தகைய பிரதிகளில் திருத்தங்கள் வருவதையே பலர் நிறுத்தி வைத்துவிடுகின்றனர். திருத்தம் வாராத விண்டோஸ் 10க்குப் பதிலாகத் திருத்தம் வாராத விண்டோஸ் 11 வந்து சேரும், அவ்வளவே.

மார்க்கத்தின் பார்வையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1988 டிசம்பரில் குவைத் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாக்க உரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் ஷரீஅத்தின் பாதுகாப்புக்குரியவை. அவற்றில் அத்துமீறுவது கூடாது எனத் தீர்மானித்தது. வக்ஃபுப் பத்திரத்தையும் நிக்காஹ் பதிவேட்டையும் வைக்கும் பெட்டியையாவது உரிமையுள்ள பொருளாக வைத்துக்கொள்வோமே!

லினக்ஸுக்கு வைரஸே வராதா?

இனி, ஷார்ஜாத் தம்பியின் கூற்றுக்கு வருவோம். லினக்ஸ் பயன்படுத்துவோரை வைரஸ் அதிகம் தொல்லைப்படுத்துவதில்லை என்பது மெய்யே. அதற்குக் காரணங்கள் மூன்று. முழு அதிகாரம் தனியே பூட்டி வைக்கப்பட்டிருப்பது ஒன்று. மென்பொருள்களைக் கண்ட இடத்திலிருந்தும் இறக்காமல், அந்தந்த லினக்ஸ் வழங்குநரின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே பெறும் வழக்கம் இரண்டாவது. வீட்டு மேசைகளில் லினக்ஸ் சிறுபான்மையாக இருப்பதால், திருடர்கள் அதற்கென்று உழைக்க முற்படாமை மூன்றாவது. இம்மூன்றாவது காரணம் நிலையானதன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆள் நடமாட்டமில்லாத தெருவில் திருட்டு நடவாமைக்குக் காரணம் கதவின் வலிமை ஆகாது.

லினக்ஸின் மூல நிரல் திறந்த புத்தகம். யாரும் படிக்கலாம், பிழை காணலாம். ஆயினும், திறந்திருப்பதனாலேயே தீங்கு நேராது என்பதற்கில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் உலகம் ஒரு பேராபத்திலிருந்து மயிரிழையில் தப்பியது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ‘எக்ஸ்இசட்’ என்னும் சிறு கருவிக்குள், தொண்டு செய்பவர்போல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவர், இரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். வழக்கத்தைவிட அரை வினாடி தாமதம் ஆவதைக் கவனித்து, ஏன் என்று துருவிப் பார்த்துக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர். அவர் பணியாற்றியது எங்கே தெரியுமா? விண்டோஸைத் தயாரிக்கும் அதே மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில்! இயங்குதளத்தின் பெயரைச் சொல்லிக் கட்சி கட்டிக்கொள்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும். அந்தக் கதவு பெரும்பாலோர் பயன்படுத்தும் நிலைத்த பதிப்புகளைச் சென்றடையும் முன்பே மூடப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

நம் மாநிலத்துக்கு லினக்ஸ் புதிதன்று. 2007ஆம் ஆண்டு வாக்கில், திரு. சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அந்நிறுவனம் சூசே லினக்ஸைத் தன் அலுவலகங்களில் கொணர்ந்தது. மத்திய அரசின் சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ இந்திய மொழிகளுக்கென்றே அமைந்தது. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே பெட்டியில் அருகருகே வைத்தே மாணவர்களுக்கு அளிக்கப்பட்டன. ஆனால், விழுப்புரமாயினும் திண்டிவனமாயினும், பிள்ளைகள் மடிக்கணினியை வாங்கிய வாரத்திலேயே அதனைக் கடைக்குக் கொண்டுபோய், பாஸை நீக்கிவிட்டுத் திருட்டு விண்டோஸைப் போட்டுக்கொண்டதை நாம் கண்ணாரக் கண்டோம். பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பார் இல்லாததே அதற்குக் காரணம். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி தந்து, பிறகே பிள்ளைகளிடம் லினக்ஸைக் கொடுத்தனர். அங்கே அது நிலைத்தது. கருவியைக் கொடுப்பது பாதி வேலை; கைப்பழக்கத்தைக் கொடுப்பதே மீதி.

ஆப்பிளின் நிலை

ஆப்பிள் மேக் நல்ல பாதுகாப்புடையது என்பதில் ஐயமில்லை. இயந்திரம், இயங்குதளம் இரண்டையும் ஒரே நிறுவனம் செய்வதால் திருத்தங்கள் ஒழுங்காக வந்து சேர்கின்றன. ஆயினும் அதுவும் வைரஸ் தீண்டாத தீவு அன்று. 2012இல் ‘ஃப்ளாஷ்பேக்’ என்னும் தீய நிரல் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட மேக் கணிப்பொறிகளில் புகுந்தது. வசதியுள்ளோர் வாங்கலாம், தவறில்லை. ஆனால், ஒரு மேக் வாங்கும் தொகையில் நடுத்தரக் குடும்பம் ஒன்று மகளின் ஒரு பருவக் கல்லூரிக் கட்டணத்தையே கட்டிவிடலாம். பாதுகாப்புக்காக மட்டும் கடன்பட்டு அதனை வாங்க வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை.

கையில் இருக்கும் கணிப்பொறி

மேசை மேல் இருக்கும் கணிப்பொறியைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம், சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருக்கும் கணிப்பொறியை மறந்துவிடுகிறோம். கைபேசியும் கணிப்பொறியே. வங்கிக் கணக்கு உண்மையில் இருப்பது அங்கேதான்.

ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ்தான் என்பதைப் பலர் அறியார். அதில் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் அடைக்கப்பட்டிருக்கும். ஒன்றின் பொருளை மற்றொன்று தொடவியலாது. ஐபோனிலும் இதே ஏற்பாடு உண்டு. அத்துடன், நம் நாட்டில் ஆப்பிளின் சொந்தக் கடையிலிருந்து மட்டுமே அதில் செயலிகளை ஏற்ற முடியும். ஆண்ட்ராய்டிலோ வெளியிலிருந்து வரும் ‘ஏபிகே’ கோப்புகளையும் ஏற்ற வழியிருக்கிறது. திருடர்கள் நுழைவது அந்த வழியாகத்தான்.

2024ஆம் ஆண்டு முதல் பல மாநிலக் காவல்துறையினர் எச்சரித்துவரும் மோசடி ஒன்றைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வரும். அறிந்தவர் எண்ணிலிருந்தே வரக்கூடும். ஏனெனில் அவர் கைபேசி முன்னரே பறிபோயிருக்கும். நம் குடும்பங்களில் நிக்காஹ் அழைப்பென்றால் யார்தான் திறந்து பார்க்க மாட்டார்கள்? திறந்தால், "இதனை நிறுவலாமா? குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதிக்கலாமா?" என்று ஆண்ட்ராய்டு முறையாகக் கேட்கும். அவசரத்தில் ‘சரி’ என்று அழுத்திய மறுகணமே, வங்கி அனுப்பும் ஓடிபி எண்கள் திருடனுக்குப் போய்ச் சேரும். போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரிலும் இதே கோப்பு உலவுகிறது. அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். நிறுவச் சொல்லும் அழைப்பிதழ் உலகில் இல்லை. வீட்டிலுள்ள பெரியோருக்கு இவ்வொரு வாக்கியத்தைக் கற்பித்தாலே போதும்.

கைபேசி வாங்குகையில் கேமராவைக் கேட்பதற்கு முன், "இதற்கு எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் வரும்?" என்று கேட்கப் பழகுங்கள். 2023இல் வந்த கூகுள் பிக்சல் 8க்கும், 2024இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டுகள் என்று அந்நிறுவனங்கள் உறுதியளித்தன. மலிவான பல கைபேசிகளுக்கு அது மிகக் குறைவு. மலிவாக வாங்கியது ஓரிரு ஆண்டில் திருத்தம் நின்றுபோனால், அது மலிவன்று.

பேருந்தில் தொலைந்தால்?

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அன்றாடம் எத்தனையோ மாணவ மாணவியர் மடிக்கணினியைத் தோளில் சுமந்து அப்பாதையில் பேருந்திலும் இரயிலிலும் சென்று வருகின்றனர். இருக்கையில் மறந்து வைத்துவிட்டு இறங்கினால் என்னாகும்? "பாஸ்வேர்டு போட்டிருக்கிறேனே" என்பர். அந்தப் பாஸ்வேர்டு முன்கதவுத் தாழ்ப்பாள் மட்டுமே. உள்ளிருக்கும் வட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் மாட்டினால் எல்லாவற்றையும் படித்துவிடலாம். வட்டு முழுவதும் மறையெழுத்தாக்கப்பட்டிருந்தால்தான் அது காப்பு.

இவ்வகையில் கைபேசிகள் முந்திக்கொண்டன; இன்றைய ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இது தானாகவே உண்டு. மேக்கில் ‘ஃபைல்வால்ட்’ என்ற பெயரில் இருக்கிறது. விண்டோஸ் 11இல், தகுதியுள்ள புதிய கணிப்பொறிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் நுழைந்தால் கிடைக்கிறது. உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ்களில் நிறுவும்போதே கேட்கும். அப்போது ஆம் என்று சொல்லிவிட வேண்டும். எதுவாயினும், அதற்குரிய மீட்புச் சொல்லை ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். அதனை மறந்தால் திருடனுக்கு மட்டுமன்றி நமக்கும் கதவு திறவாது.

சகோதரிக்கு நம் விடை

எந்த இயங்குதளம் பாதுகாப்பானது என்ற வினாவுக்கு, பெயரைச் சொல்லி விடை பகர்வதற்கில்லை. இன்றும் திருத்தம் பெற்று வருவது, நாம் உரிமையுடன் வைத்திருப்பது, முழுச் சாவிக்கொத்தை அன்றாடம் வெளியே எடுக்காமல் பயன்படுத்துவது ஆகிய மூன்றும் எதில் பொருந்துகின்றனவோ அதுவே நமக்குப் பாதுகாப்பானது. இம்மூன்றும் பொருந்திய விண்டோஸ், இவை பொருந்தாத லினக்ஸைவிட மேலானது.

சகோதரியின் மடிக்கணினியைப் பொறுத்தவரை, தம்பி சொன்ன வழியே ஏற்றது; அவர் சொன்ன காரணம் மட்டும் முழுமையானதன்று. பழைய இயந்திரத்திலும் ஓடக்கூடிய, ஐந்தாண்டுத் திருத்தம் உறுதியளிக்கப்பட்ட உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பையோ, விண்டோஸ் பழகியவர்களுக்கு எளிதாயிருக்கும் லினக்ஸ் மின்ட்டையோ தேர்ந்தெடுக்கலாம். இவற்றைக் காசின்றிப் பெறலாம். படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை உண்டு. ஒரு பென் டிரைவிலிருந்தே இவற்றை இயக்கிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது எதுவும் அழியாது. சில நாள் அவ்வாறு பார்த்து, பிரிண்டரும் ஸ்கேனரும் தமிழ்த் தட்டச்சும் சரியாக இயங்குகின்றனவா என்று மகளைக் கொண்டு சோதித்த பின்னர் முடிவு செய்யுங்கள். இணையவாயில்களில் விண்ணப்பிப்பதற்கு வேண்டிய குரோம், ஃபயர்பாக்ஸ் ஆகியவை அதிலும் உண்டு. ஆனால், கடைக் கணக்குக்கு டேலியும், அச்சு வேலைக்குப் பேஜ்மேக்கரும் பயன்படுத்துவோர் விண்டோஸை விடுவது எளிதன்று. அவர்கள் உரிமத்துடன் கூடிய விண்டோஸ் 11 கணிப்பொறியை வாங்குவதே தக்கது.

எதைச் செய்யுமுன்னும் ஒன்றைச் செய்யுங்கள். ஜமாஅத்தின் ஆவணங்களை இரண்டு தனித்தனி வட்டுகளில் படியெடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றைப் பள்ளிவாசல் பெட்டகத்திலும் வையுங்கள். படியெடுத்ததும் வட்டைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் பணயத் திருடன் அதையும் சேர்த்தே பூட்டிவிடுவான். மடிக்கணினியைக் கடையில் கொடுக்க நேர்ந்தால், பிறருடைய பாஸ்போர்ட்டும் பத்திரமும் உள்ளே இருக்கக் கொடுக்காதீர்கள். விண்டோஸ் ஆயினும் லினக்ஸ் ஆயினும், அன்றாட வேலைக்கு அதிகாரம் குறைந்த ஒரு தனிக் கணக்கை அமைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்த பின்னரும் பணம் பறிபோனால், வெட்கப்பட்டு மறைக்காமல் அந்நிமிடமே 1930 என்னும் எண்ணுக்கு அழையுங்கள். தாமதமின்றிச் சொன்னால், பணம் கைமாறிப் போகுமுன் வங்கிகள் அதனை முடக்கி வைக்க வாய்ப்புண்டு.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டலாமா என்று வினவிய ஒருவருக்கு, முதலில் அதனைக் கட்டும்படியும் அதன்பின் பொறுப்புச் சாட்டும்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் பதிவாகியிருப்பதை யாவரும் அறிவோம். கயிறு எந்த ஊர்க் கயிறு என்பதல்ல, கட்டினோமா என்பதே அங்கு வினா. நம் கணிப்பொறிக்குள் இருக்கும் பத்திரங்களில் பல நமக்குரியவை அல்ல. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதங்கள். தொலைத்த பின்னர் ‘அறியாமல் செய்துவிட்டேன்’ என்று சொல்வது, அறிந்துகொள்ள வழியிருந்தவருக்கு ஏற்ற விடையாகாது.

அமானிதத்தைக் காக்கும் அறிவையும் ஆற்றலையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பாஸ்வேர்டுகளை எவ்வாறு அமைப்பது, எங்கே எழுதி வைப்பது என்பதைப் பார்ப்போம். வஸ்ஸலாம்.